கேட்டால் சொல்லும்

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பியதும் "என்ன சார் வேணும்?" என்ற கேள்வி நான்கு பக்கமிருந்தும் வந்துவிடும். சிசிடிவி கேமரா, பிரின்டர் டோனர், சீரியல் பல்பு, மொபைல் டிஸ்பிளே, சால்டரிங் ஈயம் என்று எதற்காக வந்திருந்தாலும் அதற்கு அங்கே ஒரு சந்து இருக்கிறது. வாலர்ஸ் சாலை, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்தான்.

நான் சொல்லும் கடை மாடியில் இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய படிக்கட்டு. ஏறியதும் கண்ணாடிக் கவுன்டர், பின்னால் கூரைவரை ரேக், ரேக் முழுக்க மூடிவைத்த பழைய லேப்டாப்கள். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால் ‘ஐ5’, ‘ஐ7’, ‘8/256’ என்று எழுதியிருந்தார்கள். என் லேப்டாப்பின் உடைந்த ஹிஞ்ச் உள்ளறையில் மெக்கானிக் கையில் இருந்தது. கவுன்டரை ஒட்டிப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

அப்போதுதான் அந்த அக்காவும் தம்பியும் ஏறி வந்தார்கள். அக்காவுக்கு முப்பதை ஒட்டிய வயது. சுடிதார், தோளில் ரெக்சின் பை, கையில் பாதி காலியான தண்ணீர் பாட்டில். தம்பிக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. வந்ததும் அவன் கண் போன இடம் மேல் வரிசையில் தனியாக நிறுத்தியிருந்த பளபளப்பான சாம்பல் நிற லேப்டாப்.

கடைக்காரர் அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்டார். "என்ன படிக்கிறீங்க தம்பி?"

"ஈசிஇ, ஃபர்ஸ்ட் இயர்ண்ணா."

"அப்ப இதத்தான் எடுக்கணும். ஐ5. எட்டு ஜிபி ரேம், ஐநூத்திப் பன்னெண்டு எஸ்எஸ்டி. விண்டோஸ் லெவனே போட்டு வச்சிருக்கேன். பாடியப் பாருங்க, ஒரு கீறல் இருக்கா? பதினாறு ஐநூறு. உங்களுக்காக ஏதாச்சும் பாத்துப் பண்றேன்."

பேச்சு முழுக்கத் தம்பியைப் பார்த்துத்தான். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். லேப்டாப் கவுன்டருக்கு வந்து திறந்ததும், தம்பி கீபோர்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, "கொஞ்சம் நான் பாக்குறேண்ணே" என்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார். திரை எனக்கு நன்றாகத் தெரியும்படி திரும்பியது.

முதல் வேலையாக ரீஸ்டார்ட் கொடுத்தார்.

"நல்லாத்தானேம்மா ஓடுது?"

"ஆமாண்ணே. ஒரு தடவ புதுசா ஏறட்டும்."

இதன் காரணம் எனக்குப் புரிந்தது. விண்டோஸின் செட்டிங்ஸில் ‘அபௌட்’ பக்கம் காட்டும் பிராசஸர் பெயர், ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியிலிருந்து வருவது. அந்த வரியை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதிவிடலாம். ஐ3 என்பதை ஐ7 என்று எழுதினால் அந்தப் பக்கமும் ஐ7 என்றே காட்டும். ஆனால் கணினி புதிதாக ஏறும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் அந்த வரியைச் சில்லிடமே கேட்டுப் புதிதாக எழுதிக்கொள்கிறது. அந்தக் கடைக்காரர் அப்படி எதுவும் செய்திருக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அக்காவுக்கு அவர்மேல் சந்தேகம் இருந்ததாகவும் தோன்றவில்லை. அது அவருடைய ஒழுங்கு, அவ்வளவுதான்.

ஏறியதும் விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினார். திரையின் இடது கீழ்மூலையில் சின்னதாக ரன் பெட்டி வந்தது. ‘வின்வர்’ என்று அடித்தார். விண்டோஸ் 11 என்று ஒரு சிறு ஜன்னல். பார்த்துவிட்டு மூடினார். மறுபடி ரன். ‘எம்எஸ்இன்ஃபோ32’. மவுஸைத் தொடாமல், கண் திரையிலேயே இருக்க, விரல்கள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன. நாள் முழுக்க விண்ணப்பப் படிவம் அடிக்கிற கை என்று தெரிந்தது. பிறகு பேச்சுவாக்கில் அவரே சொன்னார், திண்டிவனத்தில் ஒரு ஆன்லைன் சென்டரில் வேலை என்று.

கடைக்காரருக்குக் கொஞ்சம் கலக்கம். "கமாண்ட் எல்லாம் போடுறீங்க, எதையும் மாத்திராதீங்கம்மா. வேணும்னா வைஃபை பாஸ்வேர்டு தரேன், சிபியு-இசட் டவுன்லோட் பண்ணிப் பாருங்க. எல்லாரும் அதான் போட்டுப் பாக்குறாங்க."

"நெட்டு வேணாம்ண்ணே. உள்ள இருக்கறதே போதும். இது படிக்க மட்டுந்தான், எதையும் மாத்தாது."

அவர் சொன்னது சரி. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற அந்த ஜன்னல் இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் இரண்டு பத்திகள் என்று இருக்கும். முதல் பத்தியில் கேள்வி, அடுத்ததில் பதில். அழகுபடுத்த யாரும் மெனக்கெடவில்லை. பல ஆண்டுகளாக ஏறக்குறைய அதே முகம். தயாரிப்பாளர் யார், மாடல் என்ன, பயாஸ் பதிப்பும் தேதியும் எது, பயாஸ் மோட் யுஇஎஃப்ஐயா லெகசியா, செக்யூர் பூட் போட்டிருக்கிறதா இல்லையா, எத்தனை ரேம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். அக்காவின் விரல் திரையில் ஒரு வரியில் நின்றது. தம்பியை அருகில் கூப்பிட்டார்.

"படி."

"இன்டெல் கோர் ஐ5... 6300யு... 2.40 கிகாஹெர்ட்ஸ்... 2 கோர்ஸ், 4 லாஜிக்கல் பிராசஸர்ஸ்."

"அந்த ஆறு என்ன?"

தம்பிக்குத் தெரியவில்லை. "ஆறாவது ஜெனரேஷன்" என்றார் அக்கா. "2015ல வந்தது."

ஐ5 என்று ஸ்டிக்கரில் எழுதியிருந்தது பொய் இல்லை. ஆனால் ஐ5 என்ற பெயரில் இன்டெல் வருஷத்துக்கு வருஷம் வேறு வேறு சில்லுகளை விற்றிருக்கிறது. பெயரை அடுத்து வரும் எண்ணின் தொடக்கத்தில்தான் அதன் தலைமுறை இருக்கிறது. 6300யு என்றால் ஆறு, 8350யு என்றால் எட்டு. அந்த எண்ணை விட்டுவிட்டு வெறும் ஐ5 என்று சொல்வது ஊரைச் சொல்லாமல் தெருப்பெயரை மட்டும் சொல்வது மாதிரி. வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் அங்கேயே தொலைந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில், கணினிக்குத் தன்னைப் பற்றி எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். எனக்கு என்றுமே வியப்புத் தரும் விஷயம் அது. பிராசஸருக்குள் சிபியுஐடி என்று ஒரு கட்டளை இருக்கிறது. 1993இல் பென்டியம் வந்தபோது அதனோடு வந்தது. அந்தக் கட்டளையைக் கொடுத்தால் சில்லு தன்னைச் செய்தது யார், தான் எந்தக் குடும்பம், தனக்கு என்னென்ன தெரியும் என்று பதில் சொல்லும். ரேம் அட்டையின் ஓரத்தில் அரிசி அளவுகூட இல்லாத ஒரு தனிச் சில்லு உட்கார்ந்திருக்கும். அதில் அந்த ரேமின் கொள்ளளவும் வேகமும் எழுதப்பட்டிருக்கும். திரையும் சும்மா இல்லை. 128 பைட் கொண்ட ஒரு சிறு குறிப்பைத் தன்னிடம் வைத்திருக்கிறது. எந்த ஆண்டு, எந்த வாரம் செய்யப்பட்டது என்பதற்குக்கூட அதில் இடம் உண்டு. பேட்டரிக்குள் ஒரு சில்லு, தான் பிறந்தபோது எவ்வளவு பிடித்தோம், இப்போது எவ்வளவு பிடிக்கிறோம் என்று கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறது. ஆக, அந்தக் கவுன்டர்மேல் இருந்த ஒவ்வொரு பாகமும் தன் பிறப்புச் சான்றிதழைத் தன்னோடு வைத்துக்கொண்டுதான் இருந்தது. இயங்குதளம் செய்வது எல்லாரிடமும் கேட்டு ஓரிடத்தில் எழுதிவைப்பது மட்டுமே.

அதில் ஒரு பலவீனமும் உண்டு. மாடல் பெயர், சீரியல் எண், மதர்போர்டு பெயர் போன்றவை எஸ்எம்பயாஸ் என்ற அட்டவணையிலிருந்து வருபவை. அந்த அட்டவணையைத் தயாரிப்பாளர் நிரப்பியிருக்க வேண்டும். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் பலமுறை பார்த்திருக்கிறேன், கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்.’ என்று அப்படியே நிற்கும். நிரப்பச் சொல்லி விட்ட இடத்தை யாரும் நிரப்பாமலே கணினி விற்பனையாகி, வீட்டுக்கு வந்து, பழசாகியும் போயிருக்கும். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் டிஎம்ஐடிகோட் என்ற கருவியின் கையேடு, இந்தத் தகவலைக் கண்மூடி நம்பாதீர்கள், பயாஸ் சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொல்கிறேன் என்ற பொருளில் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

அதனால்தான் அக்கா ஒரே சாட்சியோடு நிற்கவில்லை போலும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். டாஸ்க் மேனேஜர் வந்தது. ஏதாவது புரோகிராம் உறைந்து போனால் அதை மூடத்தான் நாம் இதைத் திறக்கிறோம். டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் தன் வீட்டில் சொந்த நேரத்தில் எழுதத் தொடங்கி, 1996இல் விண்டோஸ் என்டி 4.0இல் சேர்ந்த சிறு கருவி அது. அதன் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கம் ஒரு முழு மருத்துவ அறிக்கை. அக்கா சிபியுவைத் தொட்டார்: கோர் 2, லாஜிக்கல் பிராசஸர் 4. மெமரியைத் தொட்டார்: 8 ஜிபி, ஸ்லாட் இரண்டில் ஒன்று. டிஸ்க்கைத் தொட்டார்: எஸ்எஸ்டி, 477 ஜிபி.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "க்கா, 512ன்னு சொன்னாரு. குறையுதே?"

நான் கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுச் சலித்தவர் என்று தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொல்லிவிட்டார். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. கம்பெனிக்காரன் நூறு கோடி பைட்ட ஒரு ஜிபின்னு எண்ணுவான். விண்டோஸ் ஆயிரத்து இருபத்திநாலா எண்ணும். அதுல நூத்தியேழு கோடிச் சொச்சம் சேந்தாத்தான் ஒரு ஜிபி. 256 போட்டா 238 காட்டும், ஒரு டிபி போட்டா 931 காட்டும்."

கடைக்காரர் முதல்முறையாகத் தம்பியை விட்டு அக்காவைப் பார்த்தார். "கரெக்டா சொன்னீங்கம்மா. இத வச்சே எத்தன பேர் சண்டைக்கு வராங்க தெரியுமா?"

அதற்குப் பிறகு அவர் பேச்சு முழுக்க அக்காவிடம்தான்.

அடுத்து, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லைப் பார்க்க ‘டிபிஎம் டாட் எம்எஸ்சி’. வலப்பக்கம் கீழே ‘ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 1.2’ என்று இருந்தது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்பது 2021இல் மைக்ரோசாஃப்ட் வைத்த நிபந்தனை. ஒரு சில ஏழாம் தலைமுறைச் சில்லுகளுக்கு மட்டும் விலக்கு. நிபந்தனையைத் தாண்டிக் குதித்து நிறுவும் வழிகள் இருக்கின்றன. அப்படி நிறுவினால் ஓடும். ஆனால் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. நான்கு வருஷம் படிக்கப்போகிற பையனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

"அண்ணே, இதுல லெவன் எப்பிடிப் போட்டீங்க?"

"போட்டா ஓடுதும்மா. நல்லாவே ஓடுது."

"ஓடும்ண்ணே. ஆனா இது லெவனுக்கு உள்ள மெஷின் இல்ல."

பேச்சில் சூடு இல்லை. விலை கேட்கிற குரலிலேயே சொன்னார். ரன் பெட்டியில் இன்னொரு கட்டளை போனது: ‘எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர்’. சில விநாடி கழித்து ஒரு சிறு பெட்டி வந்தது. வால்யூம் ஆக்டிவேஷன் இன்ன தேதியில் முடியும் என்று அதில் இருந்தது. பெரிய கம்பெனிகள் தங்களுக்கென்று ஒரு சர்வர் வைத்து, நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு மொத்தமாக உரிமம் கொடுக்கும் முறை அது. 180 நாளுக்குச் செல்லும், சர்வரைத் தொட்டுத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்த லேப்டாப்பில் அப்படி ஒரு தேதி தெரிந்தால், ஏதோ குறுக்குவழியில் போட்டது என்றுதான் அர்த்தம்.

"டெஸ்டிங்குக்குப் போட்டதும்மா" என்றார் கடைக்காரர். பிறகு தானாகவே தொடர்ந்தார். "நான் ஒண்ணும் மறைக்கல. லாட்டா வருது. கம்பெனியில லீஸ் முடிஞ்சதும் நாப்பது அம்பதுன்னு எடுக்கிறோம். ஸ்டிக்கரும் அங்கயே ஒட்டி வருது. ஒவ்வொண்ணா உக்காந்து இத்தன பாக்க முடியுமா, சொல்லுங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது லேப்டாப்பை ஒரே நாளில் துடைத்து, விண்டோஸ் ஏற்றி, ரேக்கில் அடுக்குகிறவர் எல்லாவற்றையும் பார்த்திருக்க மாட்டார். வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருப்பதில்லை. அந்த மாடிப் படிக்கட்டில் சந்தோஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய எத்தனையோ குடும்பங்கள், தங்கள் சேமிப்பை எதற்குக் கொடுத்தோம் என்று அறியாமலே போயிருக்கும். அறிந்துகொள்ளும் வழியோ அவர்கள் பைக்குள்ளேயே, அவர்கள் வாங்கிய பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கும். இது என்னை வருத்துகிறது.

பேட்டரியையும் பார்த்துவிடலாம் என்று ‘சிஎம்டி’ திறந்தார் அக்கா. கறுப்பு ஜன்னல். ‘பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்’. ஒரு வரி பதில் வந்தது, அறிக்கையை இந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறேன் என்று. பிரௌசரில் திறந்தார். அதற்கும் நெட் தேவைப்படவில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து இந்த வசதி இருக்கிறது. எந்த மெனுவிலும் இதற்குப் பட்டன் இல்லாததால் கேள்விப்படாதவர்களே அதிகம். டிசைன் கெப்பாசிட்டி 47,000 மில்லிவாட் ஹவர். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 19,740.

"பாதிகூட இல்லடா" என்றார் தம்பியிடம். "நூறு பர்சென்ட்னு மூலையில காட்டும். ஆனா அது இந்தப் பத்தொம்போதாயிரத்துல நூறு."

தம்பி இன்னும் அந்தச் சாம்பல் நிற மூடியைத் தடவிக்கொண்டுதான் இருந்தான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அழகான பொருள்தான். ஒரு கீறல் இல்லை என்று கடைக்காரர் சொன்னதும் உண்மை.

"எட்டாவது ஜென் இருந்தா காட்டுங்கண்ணே. பாடி எப்பிடி இருந்தாலும் பரவால்ல."

கடைக்காரர் ரேக்கின் கீழ் வரிசையிலிருந்து ஒன்றை உருவினார். கறுப்பு. மூடியின் ஓரத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் சொத்து எண் ஸ்டிக்கரைப் பிய்த்த தழும்பு. கீபோர்டில் ‘ஏ’ எழுத்து அழிந்திருந்தது. "பத்தொம்போதாயிரம். இதுக்குக் கீழ வராதும்மா."

மறுபடி அதே வரிசை. ரீஸ்டார்ட், ரன், வின்வர், எம்எஸ்இன்ஃபோ32. இப்போது தம்பியே குனிந்து படித்தான். "ஐ5-8350யு, 1.70 கிகாஹெர்ட்ஸ், 4 கோர்ஸ், 8 லாஜிக்கல்..." நிறுத்தினான். "க்கா, அது 2.40. இது 1.70தான். இது ஸ்பீடு கம்மி இல்ல?"

நல்ல கேள்வி. அக்காவுக்கும் அது பிடித்திருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரௌசர் ஜன்னல்கள் சிலவற்றை மளமளவென்று திறந்தார். ‘ஸ்பீடு’ என்ற இடத்தில் எண் 1.7ஐத் தாண்டி 3க்கு மேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. "அது பேஸ் ஸ்பீடு, அடிப்படைக் கணக்கு. வேல வந்தா தானா ஏறிக்கும். அதோட அங்க ரெண்டு பேரு, இங்க நாலு பேரு." தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். புத்தகத்தில் வரைந்து காட்டினாலும் இவ்வளவு சுலபமாகப் பதியாது. எண் அவன் கண்முன்னால் அசைந்துகொண்டிருந்தது.

டிபிஎம் 2.0. ஆக்டிவேஷன் நிரந்தரம் என்று சிறு பெட்டி சொன்னது. பேட்டரி 60,000த்துக்கு 43,800, எத்தனை முறை நிறைந்து வற்றியது என்று சொல்லும் சைக்கிள் கவுன்ட் 388. ரேம் ஸ்லாட் இரண்டில் ஒன்று காலி, நாளைக்குக் காசு வந்தால் இன்னொரு எட்டு ஜிபி போட்டுக்கொள்ளலாம். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ‘ப்ராப்ளம் டிவைசஸ்’ என்ற வரியைத் திறந்தபோது மட்டும் உள்ளே ஒன்று அகப்பட்டது: டிரைவர் நிறுவப்படவில்லை, கோட் 28. விரல் ரேகை ரீடர். கடைக்காரர் உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார், டிரைவர் போட்டுவிடச் சொல்லி.

அந்த இடைவெளியில்தான் கேட்டார். "எங்கம்மா கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

"ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்புல, பிளஸ் டூ படிக்கறப்ப. வீட்ல நெட்டு கெடையாது, செல்லுல ரீசார்ஜ் பண்ணவும் காசு கெடையாது. உள்ள என்ன இருக்கோ அத ஒண்ணொண்ணாத் தொறந்து பாத்துக்கிட்டே இருப்பேன். விண்டோஸ்ல பாத்தது போக பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல டெர்மினல் தொறந்து எல்எஸ்சிபியு, எல்எஸ்பிசிஐன்னு அடிச்சுப் பாப்பேன். அப்ப அர்த்தம் தெரியாது. எழுதி வச்சுக்குவேன்."

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலர். பையன்கள் படம் பார்க்கிறார்கள், விற்றுவிடுகிறார்கள் என்றுதான் அதிகம் பேசினார்கள். நெட் இல்லாத ஒரு வீட்டில், திறந்து மூடி, திறந்து மூடி, இயந்திரத்தின் உள்ளறைகள் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி நான் எங்கேயும் படித்ததில்லை. அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! இணையம் இருந்திருந்தால் இவரும் எல்லாரையும்போல வெளியே போயிருப்பார். இல்லாததால் உள்ளே போனார். உள்ளே இவருக்காகக் கருவிகள் காத்திருந்தன. பணம் கேட்கவில்லை, பதிவு செய்யச் சொல்லவில்லை, விளம்பரம் காட்டவில்லை. எந்தக் கணினியிலும் அவை உண்டு என்பதால், அன்றைக்கு அர்த்தம் தெரியாமல் எழுதிவைத்தது இன்றைக்கு ரிச்சி தெருவில் முன்பின் தெரியாத லேப்டாப்பின் முன்னாலும் செல்லுபடியானது.

"கம்பெனி லாக் ஏதும் இருக்குமாண்ணே?"

"இருக்காதும்மா."

சிஎம்டியில் ‘டிஎஸ்ரெக்சிஎம்டி /ஸ்டேட்டஸ்’. நீண்ட பட்டியலின் தொடக்கத்தில் வரிசையாக ‘நோ’: எந்த நிறுவனத்தின் கணக்கோடும் இப்போது இணைந்திருக்கவில்லை. இதுவும் முழுப் பதில் ஆகாது. சில நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்களின் அடையாளத்தை முன்பே மைக்ரோசாஃப்டில் பதிந்து வைத்திருக்கும். விண்டோஸைப் புதிதாக ஏற்றி நெட்டோடு இணைக்கும்போதுதான் பழைய நிறுவனத்தின் பெயர் வந்து நின்று கடவுச்சொல் கேட்கும். இயந்திரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத பகுதி அது. அக்காவுக்கு அதுவும் தெரிந்திருந்தது. "ரீசெட் பண்றப்ப கம்பெனி பேரு வந்தா எடுத்துக்கணும். பில்லுல எழுதிக் குடுங்க."

கடைக்காரர் யோசித்தார். "ஒரு மாசம்."

"சரிண்ணே."

விலை பற்றிய பேச்சு சுருக்கமாகவே முடிந்தது. பேட்டரியில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது என்று அக்கா அறிக்கையைக் காட்டினார். கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டி, பதினெட்டாயிரத்து இருநூறு என்று திருப்பிக் காட்டினார். ஒருவர் குரலும் உயரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் திறந்திருந்த திரையில் எண் இருந்தது, இருவரும் அதையே பார்த்தார்கள்.

பில் புத்தகம் வந்தது. ‘லேப்டாப் ஐ5 – 1’ என்று எழுத ஆரம்பித்தவரை அக்கா நிறுத்தினார். "முழு நம்பர் போடுங்கண்ணே. சீரியல் நம்பரும்."

சீரியலுக்காக ‘டபிள்யூஎம்ஐசி’ என்று அடித்தார். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்றது கறுப்பு ஜன்னல். பழைய விண்டோஸ்களில் அது எப்போதும் இருந்தது. புதிய பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. அக்கா ஒரு நொடிதான் நின்றார். பவர்ஷெல் திறந்து ‘கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் வின்32_பயாஸ்’ என்று அடிக்க, எண் வந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த லேபிளைத் தம்பி ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தான். அக்கா திரையைப் பார்த்து ‘ம்’ சொல்லிக்கொண்டே வந்தார். கடைக்காரர் அதே வேகத்தில் பில்லில் எழுதிக்கொண்டே போனார். கடைசி எழுத்துவரை மூன்றும் ஒத்துப்போயின.

எழுதி முடித்துப் பேனாவை மூடப்போனவர், தானே நிமிர்ந்து கேட்டார்.

"பேட்டரி கணக்கும் போடணுமாம்மா? சைக்கிள் கவுன்ட்டு?"

"போடுங்கண்ணே. 388."